ஓடும் சர்வரில் பழுதான தட்டை மாற்றுதல்

'சர்வர்' என்னும் சொல் தமிழருக்குப் புதியதன்று. உணவு விடுதியில் நம் மேசைக்கு இட்லியும் காப்பியும் கொண்டு வருபவரை நெடுங்காலமாக அப்படித்தான் அழைத்து வருகிறோம். கணிப்பொறி உலகிலும் இதே பெயரில் ஓர் இயந்திரம் உண்டு. அதன் தொழிலும் ஏறக்குறைய அதுவேதான். பலர் பல இடங்களில் அமர்ந்து கேட்பவற்றை உள்ளே உள்ள களஞ்சியத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது அதன் பணி. அலுவலகக் கோப்புகள், வங்கிக் கணக்குகள், மருத்துவமனைப் பதிவேடுகள், இரயில் முன்பதிவு ஆகிய எல்லாமே இன்று ஏதோ ஓர் அறையில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை நம்பியே நடைபெறுகின்றன.

அந்தக் களஞ்சியத்திற்கு 'ஹார்டு டிஸ்க்' என்று பெயர். தமிழில் வன்தட்டு என்கிறோம். மனிதன் செய்த எல்லாப் பொருள்களையும் போல இதுவும் ஒரு நாள் பழுதாகும். அப்படிப் பழுதான தட்டை, சர்வரை நிறுத்தாமல், உள்ளே உள்ள செய்திகளுக்கும் ஊறு நேராமல் மாற்றுவது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இது பொறியாளர்கள் பேச வேண்டிய பொருளாயிற்றே, மொழிபெயர்ப்பாளர்களுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நாங்கள் கலைப் பட்டதாரிகள். கல்லூரியில் இலக்கியமும் வரலாறும் படித்தவர்கள். திருப்புளியைக் கையில் எடுத்துப் பழக்கமில்லாதவர்கள். ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்து மாலையில், தில்லியில் எங்கள் அலுவலகத்தின் ஒரு சிறிய அறையில், இந்த வேலையை நாங்களே செய்ய நேர்ந்தது. அன்று எங்கள் கை ஒரு பெருந்தவற்றின் விளிம்பு வரை சென்று திரும்பியது. அந்தத் தவறு பொறியியல் அறியாமையால் வர இருந்ததன்று. ஒரு சொல்லை நாங்கள் மொழிபெயர்த்த விதத்தால் வர இருந்தது. ஆதலின் இதைப் பற்றிப் பேச எங்களுக்கும் ஓரளவு உரிமை உண்டு என்று எண்ணுகிறோம்.

முதலில் வன்தட்டு என்பது என்ன என்று பார்ப்போம். சிறிய பெட்டி ஒன்றினுள் பளபளப்பான வட்டத் தகடுகள் சில, ஓர் அச்சில் கோக்கப்பட்டுச் சுழல்கின்றன. சாதாரணமாக நிமிடத்திற்கு 7200 சுற்றுகள், அதாவது நொடிக்கு 120 சுற்றுகள். தகட்டின் மேற்பரப்பில் காந்தப் பூச்சு இருக்கிறது. அதன்மேல் ஒரு சிறு முனை மிதந்து சென்று, காந்தக் குறிகளாக எழுதவும் வாசிக்கவும் செய்கிறது. அந்த முனைக்கும் தகட்டிற்கும் உள்ள இடைவெளி மனிதத் தலைமயிரின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டிலும் குறைவு. இத்தனை நுட்பமான பொருள் ஆண்டுக்கணக்கில் ஓயாது சுழல்கிறது என்றால், அது பழுதாவதைவிடப் பழுதாகாமல் இருப்பதே வியப்புக்குரியது எனலாம்.

இந்தச் சாதனத்தின் வரலாறு 1956-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் தட்டுக் களஞ்சியத்தில் இரண்டடி விட்டமுள்ள தகடுகள் 50 இருந்தன. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள அந்தப் பெட்டி 50 லட்சம் எழுத்துகளைத் தாங்கியது. இன்று உள்ளங்கையில் அடங்கும் நான்கு டெராபைட் தட்டு 4 லட்சம் கோடி எழுத்துகளைத் தாங்குகிறது. கொள்ளளவு பெருகப் பெருக, ஒரு தட்டு பழுதானால் நேரும் இழப்பும் பெருகியது.

இதற்கு மாற்று என்ன? 1988-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் என்னும் மூவர் ஒரு கட்டுரை எழுதினர். விலை மிகுந்த ஒரு பெரிய தட்டை நம்புவதைவிட, மலிவான சிறிய தட்டுகள் பலவற்றை ஒன்றாக இணைத்து வேலை வாங்கலாம் என்றனர். ஆனால் தட்டுகள் பலவானால் ஏதேனும் ஒன்று பழுதாகும் வாய்ப்பும் மிகுமன்றோ? அதற்காக, ஒன்று போனாலும் மற்றவற்றைக் கொண்டு அதை மீட்கும்படி சிறிது மிகையான செய்தியையும் சேர்த்து எழுதி வைக்க வேண்டும் என்றனர். இந்த ஏற்பாட்டிற்கு 'ரெய்டு' என்று பெயர் வந்தது. ரெய்டு என்றதும் நமக்கு வருமான வரி அதிகாரிகளின் நினைவு வருவது இயல்பே. இது வேறு ரெய்டு. இது வீட்டில் உள்ளதைத் தேடி எடுப்பதன்று. இல்லாமற்போனதைக் கணக்கிட்டு மீட்பது.

மீட்பது எப்படி என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். நான்கு தட்டுகள் இருப்பதாகக் கொள்வோம். முதல் மூன்றில் 5, 8, 2 என்று மூன்று எண்களை எழுதுகிறோம். நான்காவதில் அவற்றின் கூட்டுத்தொகையாகிய 15-ஐ எழுதி வைக்கிறோம். இப்போது 8 இருந்த தட்டு பழுதாகிறது. எஞ்சியவை 5, 2, 15. பதினைந்திலிருந்து ஐந்தையும் இரண்டையும் கழித்தால் எட்டு கிடைத்துவிடுகிறது. மெய்யாகச் சர்வர் செய்வது இந்தக் கூட்டல் அன்று. ஒற்றைப்படை இரட்டைப்படையைப் பார்க்கும் இதைவிட எளிய ஒரு கணக்கு. அன்றியும் அந்த மிகைச் செய்தியை ஒரே தட்டில் வைக்காமல் எல்லாத் தட்டுகளிலும் பரப்பி வைக்கிறது. ஆனால் தத்துவம் ஒன்றே. இதனை ஐந்தாம் வகை ரெய்டு என்பர். ஒரு தட்டின் மறுபடியை அப்படியே இன்னொன்றில் வைத்திருப்பது முதலாம் வகை. இரண்டு தட்டுகள் ஒருங்கே போனாலும் தாங்குவது ஆறாம் வகை.

இந்தக் கணக்கில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. எட்டு போனபின் ஐந்தும் போனால் என்ன ஆகும்? இரண்டும் பதினைந்தும் மட்டும் இருந்தால், மற்ற இரண்டு எண்கள் யாவை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆக, ஐந்தாம் வகை அமைப்பில் ஒரு தட்டு பழுதான கணத்திலிருந்து புதுத் தட்டு நிறைவாகச் சேரும் வரை, எஞ்சிய ஒவ்வொரு தட்டும் இன்றியமையாதது. அந்த வேளையில் நல்ல தட்டு ஒன்றை நம் கையாலேயே தவறுதலாக உருவிவிட்டால் அமைப்பு முழுவதும் அப்போதே நின்றுவிடும்.

இனி எங்கள் அலுவலகத்துக்கு வருவோம்.

எங்கள் பிரிவின் சர்வரில் நான்கு டெராபைட் தட்டுகள் நான்கு, ஐந்தாம் வகை ரெய்டாக இணைக்கப்பட்டிருந்தன. அவற்றில்தான் எங்கள் மொழிபெயர்ப்புகள் யாவும் இருந்தன. அவற்றைவிட மேலாக எங்கள் சொற்பட்டியல் இருந்தது. ஒவ்வோர் ஆங்கிலத் துறைச்சொல்லுக்கும் எந்தச் சொல்லை வழங்குவது என்று பலர் கூடி வாதிட்டு, ஆண்டுக்கணக்கில் திரட்டிய பட்டியல் அது. சேர்த்தவர்களில் பலர் ஓய்வு பெற்றுச் சென்றுவிட்டனர். சிலர் இவ்வுலகிலேயே இல்லை. மேலும், நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டிய ஓர் ஆண்டறிக்கையின் மொழிபெயர்ப்பு அதே சர்வரில் இருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குள் அச்சகம் செல்ல வேண்டும். எழுவர் அதில் பணி செய்துகொண்டிருந்தோம்.

பிற்பகல் நான்கு மணியளவில், பராமரிப்புப் பொறுப்பேற்றிருந்த பொறியாளரிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'டிஸ்க் 3' பழுதாகிவிட்டது. அமைப்பு மூன்று தட்டுகளைக் கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்பது செய்தி. அவர் அப்போது வெளியூரில் இருந்தார். திரும்ப இரண்டு நாளாகும். அலமாரியில் மாற்றுத் தட்டு ஒன்று இருக்கிறது, தொலைபேசியில் தாம் சொல்லச் சொல்ல நாங்கள் மாற்றிவிடலாம் என்றார். எங்கள் வழக்கப்படி பணிப்பதிவேட்டில் உடனே குறித்துக்கொண்டோம். தில்லி அலுவலகமாதலால் பதிவு இந்தியில். 'தீஸ்ரீ டிஸ்க் பழுது' என்று எழுதினோம். தீஸ்ரீ என்றால் மூன்றாவது.

பொறியாளர் முதலில் கேட்ட கேள்வி தட்டைப் பற்றியதன்று. வேறிடத்தில் பிரதி இருக்கிறதா என்று கேட்டார். கடைசியாகப் பிரதி எடுத்து ஒன்பது நாள்கள் ஆகியிருந்தன. ரெய்டு இருக்கும்போது தனிப் பிரதி எதற்கு என்று நாங்கள் சற்றே அசட்டையாக இருந்துவிட்டோம். இது பலரும் செய்யும் பிழை. ரெய்டு என்பது ஒரு தட்டு பழுதானாலும் வேலை நிற்காமல் காப்பது, அவ்வளவே. ஒருவர் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், அது எல்லாத் தட்டுகளிலும் அதே நொடியில் அழிந்துபோகும். தீயோ திருட்டோ நேர்ந்தால் நான்கு தட்டுகளும் சேர்ந்தே போகும். எனவே, தட்டில் கை வைக்குமுன் சொற்பட்டியலையும் ஆண்டறிக்கையையும் வெளித் தட்டு ஒன்றில் படியெடுத்து, அது திறக்கிறதா என்று வேறொரு கணிப்பொறியில் பார்த்தும் கொண்டோம். இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அது வீணான நேரம் அன்று.

அவர் இரண்டாவதாகச் சொன்னது, இயந்திரத்தை அணைத்துப் போட வேண்டாம் என்பது. பழுது கண்டதும் அணைத்துவிட்டு மீண்டும் தொடங்கிப் பார்ப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். பல ஆண்டுகள் ஓயாமல் சுழன்ற தட்டுகளில் ஒன்று, நிறுத்தித் தொடங்கும்போது மீண்டும் சுழல மறுப்பதும் உண்டு. ஒன்று போய்விட்ட நிலையில் அந்த அபாயத்தை வலிய அழைக்கலாகாது.

ஓடும்போதே தட்டை உருவலாமா என்னும் ஐயம் எங்களுக்கு இருந்தது. எல்லா இயந்திரத்திலும் உருவலாகாது. அதற்கென்று அமைக்கப்பட்ட சர்வர்களில் மட்டுமே உருவலாம். அவற்றில் ஒவ்வொரு தட்டும் முன்புறத்திலிருந்து இழுக்கத்தக்க ஒரு சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கும். தட்டு சென்று பொருந்தும் இணைப்பில் சில ஊசிகள் மற்றவற்றைவிடச் சற்று நீளமாக இருக்கும். உள்ளே தள்ளும்போது தரை இணைப்பு முதலில் சேரும். இழுக்கும்போது கடைசியில் விலகும். இதனால் மின்னோட்டம் தாறுமாறாகப் பாய்வதில்லை. மேசைக் கணிப்பொறியில் கம்பியால் கட்டப்பட்ட தட்டை இப்படி ஓடும்போதே பிடுங்க முயல்வது கூடாது. அங்கு நிறுத்திவிட்டுத்தான் மாற்ற வேண்டும். எங்களுடையது இழுப்புச் சட்டமுள்ள இயந்திரமாக இருந்தது.

மாலை ஆறு மணிக்குச் சர்வர் அறைக்குள் சென்றோம். நான்கு சட்டங்கள் இடமிருந்து வலமாக வரிசையாக இருந்தன. எண் எழுதி ஒட்டிய சீட்டுகள் எப்போதோ உதிர்ந்துவிட்டிருந்தன. சில சர்வர்களில் பழுதான தட்டின்மேல் மஞ்சளோ சிவப்போ ஒரு விளக்கு எரியும். எங்களுடையதில் அப்படி எதுவும் எரியவில்லை. பதிவேடு கையில் இருந்தது. அதில் 'மூன்றாவது தட்டு' என்று தெளிவாக இருந்தது. இடமிருந்து எண்ணினோம்: ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது சட்டத்தின் தாழை விலக்கி, கைப்பிடியில் விரலை வைத்துவிட்டோம். தொலைபேசியில், மூன்றாவதை இழுக்கலாமா என்று கேட்டோம்.

'இழுக்காதீர்கள், சார். எதன்மேல் கை வைத்திருக்கிறீர்கள்?' என்றார் பொறியாளர்.

இடமிருந்து மூன்றாவது என்றோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் நிதானமாகச் சொன்னார்: இந்த இயந்திரத்தில் எண் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. முதல் தட்டின் எண் 0. இரண்டாவதின் எண் 1. மூன்றாவதின் எண் 2. 'டிஸ்க் 3' என்பது நான்காவது தட்டாக இருக்க வேண்டும். அதையும் தாம் ஊகமாகவே சொல்வதாகவும், ஊகத்தை நம்பி எதையும் இழுக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

நேயர்களே, 'மூன்று' என்பது ஒரு பெயர். 'மூன்றாவது' என்பது ஒரு வரிசை. எங்கள் தெருவில் 3-ஆம் எண் வீடு மூன்றாவது வீடாகத்தான் இருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. இதை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். மூலத்தில் இல்லாத ஒரு பொருளை மொழிபெயர்ப்பில் நுழைக்கலாகாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். ஆயினும் 'டிஸ்க் 3' என்பதை 'மூன்றாவது தட்டு' என்று எழுதியபோது எழுவரில் ஒருவருக்கும் அது மொழிபெயர்ப்பாகவே தோன்றவில்லை. வெறும் குறிப்பாகவே தோன்றியது. நாங்கள் கவனமின்றிச் செய்த அந்தச் சிறு மொழிபெயர்ப்பு, பல்லாண்டு கவனமாகச் செய்தவற்றையெல்லாம் அழிக்க இருந்தது.

பழுதானது எது என்று எப்படி உறுதி செய்வது? ஒவ்வொரு தட்டிற்கும் தயாரித்தவர் இட்ட ஒரு வரிசை எண் உண்டு. உலகில் அது அந்தத் தட்டிற்கு மட்டுமே உரியது. சர்வரும் அந்த எண்ணை அறியும். தட்டின்மேல் ஒட்டிய சீட்டிலும் அது அச்சிடப்பட்டிருக்கும். இரண்டையும் ஒப்பிடுவதே உறுதியான வழி. சர்வர் தட்டுகளுக்குச் சூட்டும் 'ஏ', 'பி', 'சி' போன்ற பெயர்களை நம்பலாகாது. மறுமுறை தொடங்கும்போது அவை இடம் மாறக்கூடும். ஆனால் எங்கள் தட்டுகளில் சீட்டு உள்ளே மறைந்திருந்தது. உருவினால் அன்றித் தெரியாது.

ஆகவே பொறியாளர் வேறொரு வழியை மேற்கொண்டார். எல்லோரும் தங்கள் வேலையைச் சேமித்துவிட்டு ஐந்து நிமிடம் கை கட்டி இருக்கச் சொன்னார். பின்னர் வெளியூரில் இருந்தபடியே, நல்ல தட்டுகளில் ஒன்றை இடைவிடாமல் வாசிக்கும்படி சர்வருக்கு ஆணையிட்டார். எழுதுவது ஒன்றுமில்லை, வாசிப்பது மட்டும், அதனால் தீங்கில்லை. இடப்பக்கத்து முதல் விளக்கு படபடவென்று மின்னியது. அது உயிருள்ளது. அடுத்ததை வாசிக்கச் செய்தார், இரண்டாவது மின்னியது. அடுத்து, எங்கள் விரல் வைத்திருந்த அதே மூன்றாவது சட்டத்தின் விளக்கு, நன்றாக, பச்சையாக மின்னியது. கடைசிச் சட்டத்தின் விளக்கு மட்டும் ஒருமுறையும் மின்னவில்லை. மூன்று தட்டுகளும் தாம் நலமே என்று சொல்லிவிட்டன. எஞ்சியது எதுவோ அதுவே பழுது.

அதன்பின் நடந்தவை எளியவை. ஆனால் வரிசை மாறலாகாதவை. முதலில், இந்தத் தட்டு பழுது என்றும், இது இனி அமைப்பில் இல்லை என்றும் சர்வருக்கு முறையாக ஆணை கொடுக்கப்பட்டது. அலுவலகத்தில் ஒருவரை விடுவிக்கும்போது ஆணை பிறப்பிப்பது போலத்தான். ஆணையின்றி உருவினால் சர்வர் சிறிது நேரம் அந்தத் தட்டைத் தேடித் தடுமாறும். அடுத்து, நம் உடலில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரத்தை நீக்க வேண்டும். மணிக்கட்டில் அணியும் பட்டை உண்டு; அது இல்லையாதலால் சர்வரின் வண்ணம் பூசாத உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டோம். தில்லியின் வறண்ட காற்றில் இது புறக்கணிக்கத்தக்கதன்று.

பிறகு கடைசிச் சட்டத்தைக் கைப்பிடி பற்றி ஓர் அங்குலம் மட்டும் இழுத்து நிறுத்தினோம். இணைப்பு விலகிவிடும், ஆயினும் உள்ளே தகடுகள் சுழன்றுகொண்டிருக்கலாம். சுழலும் தட்டைத் திருப்பினாலோ தட்டினாலோ முனை தகட்டில் உரசக்கூடும். ஒரு நிமிடம் காத்திருந்து, பின்னர் முழுவதும் வெளியே எடுத்தோம். சுழலும் பகுதி இல்லாத மின்னணுத் தட்டுகளுக்கு இந்தக் காத்திருப்புத் தேவையில்லை. வெளியே எடுத்ததும் வரிசை எண்ணை எழுத்தெழுத்தாகப் படித்தோம். பொறியாளர் தம் திரையில் ஒப்பிட்டுச் சரி என்றார். அப்போதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

ஒருவேளை தவறான தட்டை உருவிவிட்டால் என்ன செய்வது? பதறி வேறு தட்டுகளையும் உருவலாகாது. திரையில் 'புதிதாக அமைக்கவா?' என்பது போன்ற கேள்வி எழுந்தால் 'ஆம்' என்று சொல்லவே கூடாது. அது மீட்கக்கூடியதையும் மீட்க முடியாமல் செய்துவிடலாம். அப்படியே விட்டுவிட்டு, அறிந்தவரை அழைப்பதே நல்லது.

புதுத் தட்டிலும் பார்க்க வேண்டியவை உண்டு. பழையதன் கொள்ளளவுக்குக் குறையாததாக இருக்க வேண்டும். இரண்டும் 'நான்கு டெராபைட்' என்று பெயர் பெற்றிருந்தாலும் ஒன்று சிறிது குறைந்திருப்பதுண்டு. சிறிது குறைந்தாலும் அமைப்பு அதை ஏற்காது. இணைப்பு வகையும் ஒத்திருக்க வேண்டும். தடங்களை ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும் ஒரு வகைத் தட்டு உண்டு. விலை மலிவு, ஆனால் தொடர்ந்து எழுதும்போது மிக மெதுவாகும். ரெய்டு அமைப்புக்கு அது ஏற்றதன்று. புதுத் தட்டைச் சட்டத்தில் திருகி, அதே இடத்தில் சீராகத் தள்ளி, தாழ் விழும் ஓசை கேட்கும் வரை பொருத்தினோம். சில இயந்திரங்கள் தாமே மீட்புப் பணியைத் தொடங்கும். எங்களுடையதற்குப் பொறியாளர் ஆணை கொடுத்தார்.

தட்டைப் பொருத்தியதும் வேலை முடிந்தது என்று எண்ணி விளக்கை அணைத்துச் செல்வது இரண்டாவது பெரும் பிழை. முன்னே சொன்ன கணக்கை நினைவு கூருங்கள். இப்போது சர்வர் எஞ்சிய மூன்று தட்டுகளையும் முதலிலிருந்து முடிவு வரை வாசித்து, ஒவ்வோர் எண்ணாகக் கழித்துக் கண்டு, புதுத் தட்டில் எழுத வேண்டும். நொடிக்கு 120 மெகாபைட் வீதம் எழுதினாலும் நான்கு டெராபைட்டுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேலாகும். அதுவரை அமைப்பு முழு நலம் பெறவில்லை.

அந்த நேரத்தில் நேரும் அபாயமும் சிறியதன்று. வீட்டு உபயோகத்துக்கான தட்டுகள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர் தரும் உறுதி, 100 லட்சம் கோடி பிட்டுகளை வாசித்தால் ஒன்றுக்கு மேல் வாசிக்க முடியாமற்போகாது என்பதாகும். மூன்று தட்டுகளில் உள்ள 12 டெராபைட் என்பது 96 லட்சம் கோடி பிட்டுகள். அது உச்ச வரம்பே. பெரும்பாலான தட்டுகள் அதைவிட நன்றாகவே உழைக்கின்றன. ஆயினும், ஒரே நாளில் வாங்கி, ஒரே வெப்பத்தில், ஒரே அளவு உழைத்த தட்டுகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் களைப்படைவதும் உண்டு. பெரிய தட்டுகளுக்கு ஆறாம் வகையே மேல் என்று அறிந்தவர்கள் சொல்வது இதனால்தான்.

அன்றிரவு நாங்கள் ஆண்டறிக்கையை வெளித் தட்டில் எடுத்த பிரதியைக் கொண்டே முடித்தோம். சர்வருக்குக் கூடுமானவரை தொந்தரவு கொடுக்கவில்லை. மின்சாரம் தடைபட்டால் தாங்கும் மின்கலப் பெட்டி நலமாக உள்ளதா என்று பார்த்துக்கொண்டோம். இருவர் முறை வைத்து விழித்திருந்து, மணிக்கொருமுறை எத்தனை விழுக்காடு முடிந்தது என்று எழுதி வந்தோம். விடியற்காலை ஐந்து மணி சுமாருக்கு நூறு என்று வந்தது. அறிக்கை பத்து மணிக்கு முன் அச்சகம் சென்றது. அதன் வாசகர்களுக்கு அன்றிரவு நடந்தது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

பழைய தட்டைப் பற்றியும் ஒரு சொல். பழுதான தட்டு வெறும் இரும்பு அன்று. சர்வரால் வாசிக்க முடியாததைத் தக்க கருவியுடையவர் வாசித்துவிடலாம். பொதுமக்களின் செய்திகள் அடங்கிய தட்டைப் பழைய பொருள் வாங்குபவரிடம் எடைக்குப் போடுவது நம்பிக்கைத் துரோகமாகும். பூட்டி வைத்து, பதிவு செய்து, முறைப்படி சிதைத்த பின்னரே கழிக்க வேண்டும்.

மறுநாள் பணிப்பதிவேட்டைத் திறந்து, 'மூன்றாவது தட்டு' என்பதை அடித்துவிட்டு, 'எண் 3 தட்டு, இடமிருந்து நான்காவது, வரிசை எண் இன்னது' என்று திருத்தினோம். நான்கு சட்டங்களின் முகப்பிலும் 0, 1, 2, 3 என்றும், ஒவ்வொரு தட்டின் வரிசை எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளையும் எழுதி ஒட்டினோம். இதற்கு ஆன செலவு ஒரு தாளும் சிறிது பசையும்தான். பழுது வருவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை இது. பிரதி எடுப்பதையும் அன்றாடப் பணியாக்கினோம்.

உங்கள் அலுவலகத்திலோ, பள்ளியிலோ, மருத்துவமனையிலோ ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருக்கலாம். அதன் தட்டு ஒன்று ஒரு நாள் பழுதாகும், அதில் ஐயமில்லை. அன்று, இழுப்பதற்குக் கை வலிமை தேவையில்லை. ஒரு குழந்தையும் இழுத்துவிடலாம். இழுக்குமுன், நம் கை எதன்மேல் இருக்கிறது என்பதை இன்னொருவரிடம் உரக்கச் சொல்லி, அவர் சரி என்று சொல்லும் வரை காத்திருப்பது ஒன்றே தேவை. நாங்கள் அன்று தற்செயலாகக் கேட்ட ஒரு கேள்வி எங்களைக் காத்தது. அதைத் தற்செயலாக விடாமல், வழக்கமாக ஆக்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.